ஒன்பது பேரும் ஓர் ஆடும்

கையால் மருந்து பூசிப் படம் அச்சிடுகிறவனுக்கு வெயில்தான் முதலாளி. அது வந்தால் வேலை, மறைந்தால் லீவு. வெள்ளி உப்பு பட்டு விரல் கறுத்த என் போன்றவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அன்று என் காமிரா முன் இருந்தவர்கள்: நடு நாற்காலியில் சர்க்கார் பள்ளித் தமிழ் வாத்தியார் யேசடியான், அவருக்கு வலப்பக்கம் சபை உபதேசியார், இடப்பக்கம் தையல்காரர் வேலப்பன். பின்னால் நின்றவர்கள் சாயாக்கடைத் தங்கையன், வைத்தியர், வண்டிக்காரர், செங்கல் சூளைக்காரர் இருவர், வெள்ளறடையிலிருந்து வந்த ரப்பர் வெட்டுக்காரர். ஆக ஒன்பது பேர். மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் தாலுகாவைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி மறுநாள் ஊர்வலம் போக இருந்தார்கள். தங்கையனின் ஆடும் வந்து வாத்தியார் முன்னால் நின்றது. விரட்ட விரட்டத் திரும்பி வந்தது. அசையாமல் நின்றதும் அது ஒன்றுதான்.

நடு நாற்காலி

நடு நாற்காலிக்கு மூன்று பேர் போட்டி. உபதேசியார் வயதைச் சொன்னார், வேலப்பன் நாற்காலியே தன்னுடையது என்றார், வாத்தியார் அதற்குள் உட்கார்ந்துவிட்டார். வேலப்பன் விட்டுக்கொடுத்தார், ஆனால் சும்மா விடவில்லை.

"இரியும் வாத்தியாரே, இரியும். நாளைக்குப் போலீசு முதல்ல பாக்கது நடுவில இருக்கவனையாக்கும்."

கிணற்றில் பால்

மறுநாள் ஊர்வலத்தோடு பஸ் நின்றுபோனதால் திருவனந்தபுரத்திலிருந்து போட்டோ தாள் வரவில்லை. பழைய முறைக்குப் போனேன். இரும்பு உப்பும் வெள்ளி உப்பும் கலந்த கரைசலைப் படம் வரைகிற தாளில் தூரிகையால் பூசிக் காயவைக்க வேண்டும். மேலே கண்ணாடி நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் கழுவினால் காப்பி நிறத்தில் படம் வரும். தூரிகை தொட்ட இடத்தில் மட்டும்தான் வரும். தொடாத இடம் வெறும் தாள்.

கழுவுகிற தண்ணீரில் உப்பு இருக்கக்கூடாது. என் கிணறு வற்றியிருந்ததால் சாயாக்கடைக் கிணற்றில் இறைத்தேன். அது கடலோரத் திருப்புறம் பக்கத்துக் கிணறு, உப்புக் கரிக்கும். தாளை இறக்கியதும் வெள்ளியும் கிணற்று உப்பும் சேர்ந்து தண்ணீர் வெள்ளை வெளேரென்று ஆனது. இரண்டு தாள் பாழ். தங்கையன் எட்டிப் பார்த்தார்.

"எலே மக்கா, எனக்க கிணத்துல இம்புட்டுப் பாலு உண்டுன்னு முன்னமே சொல்லப்பிடாதா?"

கறுத்த முகம்

பஸ்ஸை மறித்தது ஊர்வலம்தான். மறித்தவர்கள் யார் என்று தெரியாமல், முந்தின நாள் அவர்களைப் படம் எடுத்தவனைத் தேடி மலையாளி சப் இன்ஸ்பெக்டர் வந்தார். எனக்குப் பொய் சொல்ல வராது. நெகட்டிவை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே தந்தார்.

"கறுத்த முகம், வெளுத்த முடி! இங்ஙனத்தெ ஆளுகளெ ஞான் கண்டிட்டே இல்லடோ. நாளெ நல்ல படமாயிட்டு அடிச்சு வை."

ஒன்பது விண்ணப்பம்

அன்று மாலைக்குள் எட்டுப் பேர் தனித்தனியாக வந்தார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே வேண்டுகோள்: தன் பக்கம் தூரிகை வரக்கூடாது. ஓரத்தில் இருப்பவர்களை விடுவது எளிது. கடைசியில் வாத்தியார் வந்தார். படம் போலீஸ் கைக்குப் போனால் அவருக்குச் சர்க்கார் வேலை போய்விடும்; வீட்டில் மூன்று பெண்மக்கள். நடுவில் இருக்கிறவரை எப்படி விடுவது? "உங்களையும் விட்டால் மிஞ்சுவது ஆடு மட்டும்தான், சார்" என்றேன். அவர் அதற்கும் தயாராக இருந்தார்.

"ஆட்டுக்கு என்ன ஓய், சர்க்கார் உத்தியோகமா போகப்போவுது?"

கோப்பில் ஏறிய ஆடு

மிகச் சிறிய தூரிகையை எடுத்தேன். கொம்பு, காது, தாடி, நான்கு கால் என்று ஆட்டின் உருவத்துக்குள் மட்டும் பூசினேன். நாற்பத்தொரு இழுப்பு. வெளியே ஒரு சொட்டுப் போனாலும் வாத்தியாரின் முழங்கால் தெரிந்துவிடும். மறுநாள் வெயிலும் கைவிடவில்லை. ஆற்றுத் தண்ணீரில் கழுவ, ஆடு அழகாக வந்தது.

"ஆளுகள் எவிடே?" என்றார் சப் இன்ஸ்பெக்டர். மருந்து பூசாத இடத்தில் படம் விழாது என்ற உண்மையைச் சொன்னேன். இன்னும் பூசச் சொன்னார். மருந்து தீர்ந்துவிட்டது என்றேன், அதுவும் உண்மை. வாங்கி வரச் சொன்னார். பஸ் ஓடவில்லையே என்றேன். ஓடவிடாதது யார் என்று கேட்க வாய் திறந்தவர், அதற்குத்தான் படம் கேட்டோம் என்பது நினைவு வந்து மூடிக்கொண்டார். படத்தைக் கோப்பில் வைத்துக் கட்டினார்.

"ஆட்டினெ அரஸ்ட் செய்யான் ஒக்குமோடோ?"

மடியில் ஓட்டை

சில வருஷம் கழித்து எல்லைக் கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது. நாங்கள் மலையாளப் பக்கமே நின்றுபோனோம். பயம் போனதும் ஒன்பது பேருக்கும் முழுப் படம் வேண்டும் என்றாகிவிட்டது. தலைமையாசிரியர் ஆகியிருந்த யேசடியான் சார் மட்டும் ஆடு இல்லாமல் கேட்டார், மதிப்பாக இல்லையாம். அதே தூரிகையால் ஆட்டை மட்டும் விட்டுச் சுற்றிலும் பூசினேன். கொம்பும் தாடியுமாக ஒரு வெள்ளை ஓட்டை அவர் மடியில் விழுந்தது. இது வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஆடு உள்ள படத்தையே வாங்கிக்கொண்டார். கூட வந்திருந்த தங்கையன் அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தார்.

"சாரே, இந்த ஓட்டை வழியாத்தான் உமக்க உத்தியோகம் தப்பிச்சு வந்துது."

தாலுகாவை எந்தப் பக்கம் சேர்த்ததில் யாருக்கு என்ன மிஞ்சியது என்று நான் கணக்கு வைக்கவில்லை, ஆனால் அந்த நெகட்டிவுக்குப் பூசிய தாள் பதின்மூன்றில் கிணற்றுக்கு இரண்டு, போலீசுக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்பது போக, என்னிடம் மிச்சம் அந்த ஓட்டைப் படம் ஒன்று.