சிதம்பரம் ரெண்டு

எங்கள் சின்னம்மா பாத்திமா மேரி, கடலூர் செம்மண்டலத்தில் தையல்காரி. சிதம்பரத்துக்கு லைனிங் துணி வாங்கப் போன இடத்தில், சின்னையன் என்கிற சுமைதூக்கியை ஒருவன் கத்தியால் தோளில் வெட்டியதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர்கள் பலர். போலீசிடம் பெயர் கொடுத்தவர் இவர் மட்டும்தான்.

"எதுக்கு சின்னம்மா வம்பு?" தோஹாவிலிருந்து ஃபோனில் கெஞ்சினேன்.

"கண்ணு பாத்துடுச்சே, அத என்னா பண்ணச் சொல்ற?"

2008இல் விசாரணை. முதல் வாய்தாவில் சாட்சிக்குப் பயணப்படியாக உண்டான பேட்டாவை வாங்கிக்கொள்ளச் சொன்னார் கோர்ட் குமாஸ்தா. சின்னம்மா கையை இழுத்துக்கொண்டார். "சாட்சி சொல்லக் காசா? யூதாஸ் வாங்குனதே போதுங்க."

அடுத்த வாய்தா. முதுநகரில் பஸ் ஏறிய சின்னையன் மனைவி இருசம்மாள், சின்னம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்டக்டரைக் கண்டதும் முந்திக்கொண்டாள்: "சிதம்பரம் ரெண்டு." போன தடவை முந்தியது சின்னம்மா. முகம் தெரிந்தவர்கள் ஒரே பஸ்ஸில் போனால் வேறெப்படி? பின்படியில் நின்றிருந்த ராஜவேலை, வெட்டியவனின் மச்சானை, இருவருமே பார்க்கவில்லை.

சின்னம்மா சாட்சிக் கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்கு பஸ்ல டிக்கெட் யாரும்மா எடுத்தது?"

"இருசம்மா."

"கோர்ட்டு குடுக்குற பேட்டா வேணாம். இருசம்மா குடுக்குற காசு இனிக்குதா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். இந்த ஒரு டிக்கெட்டால் தன் சொல் முழுக்கப் பொய்யாகிவிடும், வெட்டியவன் வெளியே வந்துவிடுவான் என்று சின்னம்மாவுக்குப் புரிந்தது.

"போன வாய்தாவுக்கு அவுங்களுக்கு நான் எடுத்தேன். அப்ப நான் அவுங்கள வெலைக்கு வாங்கிட்டனா சார்? வெட்டுன அன்னிக்கு இருசம்மா யாருன்னே எனக்குத் தெரியாது."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். எழுதிக்கொண்டார். "படி வாங்குறது தப்பில்லம்மா. வாங்காததுதான் இப்ப கேள்வியா வந்து நிக்குது." மிச்சக் குறுக்கு விசாரணை அடுத்த வாய்தாவுக்குப் போனது.

சின்னம்மா கையெழுத்துப் போட்டுப் பேட்டாவை வாங்கினார். நெருப்பைத் தொட்டமாதிரி இருந்தது என்று பிறகு ஃபோனில் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் இருசம்மாள் தன் பக்கத்துச் சீட்டில் முந்தானையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். "வாக்கா."

சின்னம்மா அவளைத் தாண்டிப் போய், முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்படியில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கண்டக்டரிடம் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"கடலூர் ஒண்ணு."