கொசுவுக்குப் பிடித்த உடம்பு

சூசையப்பனை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, எஸ்டேட் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் டார்ச், மறு கையில் கண்ணாடிக் குழாய். காலில் கொசு உட்கார்ந்ததும், அது கடிப்பதற்குள் குழாயைக் கவிழ்த்துப் பிடித்து, குழாயின் வாயில் பஞ்சை அடைத்துப் பக்கத்தில் வைப்பார். பிறகு அடுத்த கொசுவுக்காகக் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் அவருக்கு நாங்கள் கொடுத்த வேலை.

அது 1954 ஐப்பசி மாதம். பீர்மேட்டிலிருந்து இறங்கும் சாலையில், ஆற்றை ஒட்டிய தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் மலேரியா யூனிட் தங்கியிருந்தது. நான் பஞ்சாபகேசன், பாலக்காட்டுப் பக்கம் கல்பாத்திக்காரன். விலங்கியல் படித்துவிட்டு, மைக்ராஸ்கோப்பில் ரத்தமும் கொசுவும் பார்க்கும் வேலைக்கு வந்திருந்தேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சூசையப்பன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். இருந்தும் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். எஸ்டேட்டில் அன்று அப்படித்தான் வழக்கம்.

தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களின் சுவர்களில் டி.டி.டி. மருந்து அடிப்பதற்கு முன்னால், எந்தக் கொசு, எந்த நேரத்தில், எவ்வளவு கடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்காகத் தோட்டத் தொழிலாளர்களில் இரண்டு பேரைக் கேட்டு வாங்கினோம். ஒருவர் சூசையப்பன், இன்னொருவர் குருசாமி. இரண்டு பேரும் பத்தடி இடைவெளியில் அந்தி முதல் விடியும்வரை உட்கார வேண்டும். உட்காரும் நாட்களில் தேயிலைக் கொழுந்துக் காட்டு வேலை கிடையாது.

முதல் வாரமே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. காலையில் என் மேஜைக்கு வரும் குழாய்களில் குருசாமியுடையவை நாலைந்துதான் இருக்கும். சூசையப்பனுடையவை முப்பதுக்குக் குறையாது. குருசாமி தூங்கிவிடுகிறார் என்று நினைத்து அவரைக் கடிந்துகொண்டேன்.

"நான் கண்ணே மூடலய்யா. வந்தாத்தானே புடிக்க?" என்றார் அவர்.

எங்கள் யூனிட் டாக்டரிடம் சொன்னேன். அவர் திருவனந்தபுரத்துக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். இருவரையும் இடம் மாற்றி உட்காரச் சொன்னார். அப்போதும் கொசுக்கள் சூசையப்பனிடமே போயின. மூன்றாம் நாள், நாள் முழுவதும் போட்டு வேர்த்த தன் சட்டையைக் கழற்றிக் குருசாமியிடம் கொடுக்கும்படி சூசையப்பனிடம் சொன்னார். அன்றைக்குக் குருசாமியின் குழாய்கள் பதினெட்டு.

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கொசுவுக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிசு, பஞ்சாபகேசா. நம்ம மூச்சு, வேர்வை, உடம்புச் சூடு எல்லாம் காத்துல போயிட்டிருக்கும். எவன் வாசனை அதுக்குப் பிடிக்குதோ அவன் பக்கம் திரும்பிடும். அது இன்ன வாசனைன்னு கண்டுபிடிச்சவன் இதுவரைக்கும் ஆருமில்லை."

சூசையப்பன் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான்யா. நான் பக்கத்துல படுத்தா வீட்டுல எல்லாருக்கும் நல்ல தூக்கம். இப்பவும் எம் பொஞ்சாதி இன்பமேரியையும் பிள்ளையையும் ஒண்ணும் அண்டாது. எல்லாத்துக்கும் நான் ஒருத்தன் போதும்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த வாரத்திலிருந்து அவரை வாரத்துக்கு ஐந்து நாள் உட்கார வைத்தோம். யார் எந்த நாள் உட்கார வேண்டும் என்ற பட்டியலை எழுதியவன் நான். வாரம் ஒரு தடவை அவர் என் முன்னால் நின்று மலேரியா மாத்திரையை விழுங்குவார். கொசுவுக்குக் காலை நீட்டுகிறவருக்கு மலேரியா வந்துவிடக் கூடாது என்பது எங்கள் விதி.

அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. தோட்டத்துக்கு வந்து பதினைந்து வருஷத்தில், பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் தன்னைப் பேர் சொல்லித் தேடுவது அதுதான் முதல் தடவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, மகள் ரோசியைக் கூட்டிக்கொண்டு நாங்கள் தங்கியிருந்த பழைய கொழுந்துக் கொட்டகைக்கு வந்தார். அவளுக்கு ஐந்து வயது. முழங்காலுக்குக் கீழே இறங்கிய பச்சைக் கவுன் போட்டிருந்தாள். ஸ்டூல்மேல் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் கொசுவின் தலையைக் காட்டினேன்.

"இதுக்கு மூக்கு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு கொம்பு மாதிரி ரோமத்தோட நீட்டிண்டிருக்கே, அதுதான்."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "அப்போ இதுக்குச் சளி புடிச்சா எங்க அப்பாவக் கண்டுபிடிக்காதுல்லா?"

டாக்டர் அவள் தலையைத் தடவி ஒரு பிஸ்கட் கொடுத்தார். சூசையப்பன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் ரோசிக்குக் காய்ச்சல் கண்டது. பனியில் விளையாடியதால் வந்தது என்று இன்பமேரி கஷாயம் போட்டுக் கொடுத்தாள். ஒரு நாள் விட்டது போலிருந்தது. லயத்துப் பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாசி பொறுக்கக்கூடப் போனாளாம். மறுநாள் மறுபடியும் காய்ச்சல். அன்று சாயங்காலம் சூசையப்பன் எங்களிடம் புறப்பட்டு வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். விடிந்து வீட்டுக்குப் போனபோது பிள்ளையின் கண் மேலே செருகியிருந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தார். பின்னால் இன்பமேரி தலைவிரிகோலமாக வந்தாள். நான் ரோசியின் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தேன். அவள் விரலை இழுக்கவுமில்லை, அழவுமில்லை. சிலைடைச் சாயத்தில் நனைத்து, காய்ந்ததும் வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்ன மோதிரங்கள் போல மலேரியாக் கிருமிகள். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அவைதான். நல்ல ரத்த அணுக்களைத் தேட வேண்டியிருந்தது. டாக்டரை நிமிர்ந்து பார்த்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் ஊசி மருந்தை எடுத்துவிட்டார்.

ஊசியைப் போட்டுவிட்டு ஜீப்பில் மேலே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். இன்பமேரியின் மடியில் பிள்ளை. சூசையப்பன் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வளைவில் மூடுபனி இறங்கி, ஜீப் ஊர்ந்து போனது. அங்கே வைத்து இன்பமேரி, "வண்டிய நிறுத்துங்க" என்றாள். சத்தம் போடவில்லை. டிரைவர் நிறுத்தினார். டாக்டர் திரும்பிப் பிள்ளையின் நாடியைப் பார்த்தார். பிறகு டிரைவரின் தோளைத் தொட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னார்.

தோட்டத்துக் கல்லறையில், ஆற்றுச் சத்தம் கேட்கும் ஓரத்தில் அவளை அடக்கம் செய்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு மத்தியானம் சூசையப்பன் தனியாக வந்தார். நான் சிலைடுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கேன். தப்பா நெனைக்கக் கூடாது. நான் வீட்டுல படுத்திருந்த வரைக்கும் பிள்ளைக்கி ஒண்ணும் வரல. இங்க வந்து உக்காரத் தொடங்கின பொறவுதான்... நான் இல்லாததுனால அது பிள்ளைகிட்ட போயிட்டோ?"

அவர் கேட்டது எனக்குப் புதிதல்ல. ரோசி இறந்த அன்றே பட்டியலை எடுத்துப் பார்த்திருந்தேன். கொசு கடித்துக் காய்ச்சல் வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். அவ்வளவு நாள் பின்னால் எண்ணிப் போனால், தொடர்ச்சியாக மூன்று ராத்திரிகளுக்கு நேரே சூசையப்பன் என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, சூசையப்பா. மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "சரிய்யா" என்று சொல்லி, கொண்டுவந்த டார்ச்சையும் வெற்றுக் குழாய்களையும் மேஜைமேல் வைத்தார். அதற்கப்புறம் அவர் கொசுப் பிடிக்க வரவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு வீட்டை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அவன் வீட்டுல இருந்தாலும் ஒரு கொசு பிள்ளையைக் கடிச்சிருக்கலாம்" என்றார். "நீ அவன்கிட்ட எந்தா சொன்னே?"

"சம்பந்தம் இல்லைன்னு சொன்னேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தை மாதம் மருந்து வந்தது. பம்புக்காரர்கள் லயம் லயமாகப் போய்ச் சுவரெல்லாம் அடித்தார்கள். சூசையப்பன் வீட்டு வாசற்படிக்கு மேலே, அடித்த தேதியைக் காவிக்கட்டியால் எழுதிவிட்டு வந்தார்கள். ரோசி போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த வருஷம் அந்தத் தோட்டத்தில் நான் பார்த்த சிலைடுகளில் கிருமி இருந்தது மிகச் சிலவற்றில்தான். எங்கள் யூனிட்டுக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

1956-இல் அவர்களுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. மறு வருஷம் ஆடி மாதத்தில், நான் மாதாந்திரச் சோதனைக்கு அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, இன்பமேரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். மிகவும் இளைத்திருந்தாள்.

"ஐயா, நீங்க ஒரு வார்த்த சொல்லணும். அவிய பொழுது சாஞ்சா சட்டையக் கழத்திப் போட்டுட்டு வாசல்ல போயி உக்காந்துக்கிடுதாவ. மழையானாலும் பனியானாலும் அங்கதான் கெடக்காவ. நானும் பிள்ளையும் உள்ள கொசுவலைக்குள்ள. நெஞ்சுல சளி கட்டி இருமுதாவ. எதுக்குன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்காவ. நீங்க சொன்னாக் கேப்பாவ."

அன்று சாயங்காலமே போனேன். லயத்து வீடுகளுக்குப் பரிசோதனைக்காகப் போயிருக்கிறேனே தவிர, ஒரு மனிதரைப் பார்க்க என்று போனது அன்றுதான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சூசையப்பன் வாசலில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே துணி இல்லை. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார்.

"உட்காருங்கோ" என்றேன். அவரை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. நானும் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். "இப்போ கொசுவே இல்லை. மருந்து அடிச்சாச்சு. நீங்க இங்கே உக்காந்து ஒரு பிரயோஜனமும் இல்லை."

"இல்லாட்டா நல்லதுதான்யா. ஒண்ணு ரெண்டு இருந்தா எங்கிட்டயே வரட்டும்."

சொல்லிவிட்டு இருமினார். இருமல் அடங்க வெகுநேரமாயிற்று.

"அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன். "நீங்க இல்லாததாலே இருக்கலாம். நிச்சயமாத் தெரியாது. ஆனா இருக்கலாம். எனக்கு அப்பவே தோணித்து. உங்களை அஞ்சு நாள் போட்டு எழுதினது நான்தான். உங்களுக்கு மாத்திரை கொடுத்தேன், வீட்டுல ஒரு குழந்தை இருக்கேன்னு நினைக்கலை."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் கோணியது. தோள் குலுங்கத் தொடங்கியது.

"மூணு வருசமா நான் கிறுக்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்யா" என்றார். "சம்பந்தமே இல்லன்னு படிச்ச ஆளு சொல்லுதாவ, நமக்கு மட்டும் ஏன் அப்படித் தோணுதுன்னு. யாருகிட்டயும் சொல்ல முடியல. நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாய்யா? நான் செத்தா போயிருப்பேன்?"

கதவுக்குப் பின்னால் இன்பமேரி நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"நீங்களா போனீய?" என்று கணவனைக் கேட்டாள். "ஒரு நாள் காலு வீங்கிப் போச்சு, இன்னைக்குப் போகலன்னு சொன்னீயள்லா. டாக்டரு உங்களத்தான் தேடுவாரு, போங்கன்னு தள்ளி விட்டது நான்தானே. லயத்துல எல்லாருட்டயும் பெருமை பேசுனது நான்தானே."

அவள் அதற்குமேல் பேசமுடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவர் எழுந்து அவள் தோளில் கைவைத்தார். நான் அங்கிருந்து கிளம்பினேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

1960-இல் எனக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது. வந்த ஒரு வருஷத்துக்குள் கம்பத்திலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. இன்பமேரி சொல்ல, கோயில் உபதேசியார் எழுதியிருந்தார். தோட்டத்து வேலையை விட்டுவிட்டுக் குமுளி வழியாக மலையிறங்கி வந்துவிட்டார்களாம். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. சூசையப்பனுக்கு நெஞ்சு முழுக்கச் சரியாகவில்லை, கனமான வேலை முடியாது, ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் தண்ணீர் கட்டுகிறார். இப்போது உள்ளேதான் படுக்கிறார். எப்போதாவது வெளியே போய் உட்காருவது உண்டு. "நான் கூப்பிடுவதில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே வந்துவிடுவார்" என்று எழுதியிருந்தது. ரோசியின் கல்லறையைப் பார்த்துக்கொள்ள அங்கே யாருமில்லை, அந்தப் பக்கம் போகும் யாராவது தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தாள்.

அந்தத் தை மாதம் லீவு போட்டுக்கொண்டு பீர்மேட்டுக்கு பஸ் ஏறினேன்.