விளாம்பழம் வரைக்கும்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் நாய்க்கென்றே ஒரு டப்பா இருக்கிறது. ஆப்பிள் வாங்கினால் நடுத்தண்டையும் விதைகளையும் எடுத்துவிட்டுத் துண்டுகளாக்கி அதில் போடுவேன். பப்பாளி, தர்பூசணி என்றால் தோலும் விதையும் போக வேண்டும். வாழைப்பழம் இரண்டு வில்லைக்கு மேல் கிடையாது. திராட்சை மட்டும் இந்த வீட்டுக்குள்ளேயே வருவதில்லை; பச்சை, கறுப்பு, உலர்ந்தது, எதுவும். இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று அலுவலகத்தில் கேட்பார்கள். படித்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அத்தை கேட்ட கேள்விகளிலிருந்து தெரிந்துகொண்டது.

அப்போது மந்தைவெளியில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. பெரியப்பா ஆட்டோ ஓட்டினார். அந்த ஆட்டோவுக்கு அடியில் படுத்துக்கொள்ளும் தெருநாயின் பெயர் ஜிம்மி. அது யாருடைய நாய் என்று கேட்டால் தெருவில் எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். யார் சோறு வைப்பது என்று கேட்டால் எல்லோரும் தாங்கள்தான் என்பார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. அவளுக்கு வரன் அமையாமல் தள்ளிக்கொண்டே போனது. தேய்பிறை அஷ்டமிதோறும் பைரவரின் வாகனத்துக்கு உணவு வைக்கும்படி ஜோசியர் சொன்னார். அந்த வாகனம் எங்கள் வாசலிலேயே படுத்திருந்தது சௌகரியமாகப் போயிற்று. மாதம் ஒருமுறை ஜிம்மிக்கு நெற்றியில் குங்குமம் வைத்து வெல்லம் கலந்த சாதமும் வாழைப்பழமும் படைத்தார்கள். மற்ற நாட்களில் அது படியேறினால் துடைப்பம்தான்.

பரிகாரம் பலித்தது. கே.கே. நகரிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியது. முதல் நாள் அஷ்டமி. வருகிறவர்களுக்காக மாட வீதியில் வாங்கிவந்த பழங்களில் கறுப்புத் திராட்சையும் இருந்தது.

"சாமிக்குப் போறது, கிள்ளிக் கிள்ளி வெக்காதே" என்று அம்மா ஒரு கொத்தை அப்படியே சாதத்தில் உதிர்த்தாள். மேலே ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை. அத்தை அதைக் கொண்டுபோய் வைத்தாள். தட்டை ஜிம்மி நக்கி முடிப்பதை நான் பக்கத்தில் நின்று பெருமையுடன் பார்த்தேன்.

மறுநாள் காலையிலிருந்து ஜிம்மி வாந்தி எடுத்தது. மத்தியானம் எழுந்திருக்கவே இல்லை. கூப்பிட்டால் வாலின் நுனி மட்டும் அசைந்தது. நான் அழுதபடி உள்ளே ஓடினேன். பட்டுப்புடவை கட்டித் தலைநிறைய மல்லிகையோடு உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த அத்தை எழுந்து வந்து பார்த்தாள். நாயைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா?" என்றாள் அம்மா. "நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி பொண்ணைப் பாத்துட்டுக் கெளம்பணும்னு சொல்லிக்கீறாங்க."

"அதுக்குள்ள வந்துடுவேன் அண்ணி."

நானும் தொற்றிக்கொண்டேன். பெரியப்பா அடையாறு பாலத்தைத் தாண்டி, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் ஒரு நாய் டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"திராட்சையா? நாய்க்கு அது விஷம்மா. கிட்னி போயிடும்" என்றார் டாக்டர்.

அத்தை புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தெரியாது டாக்டர். சாமி பேர்ல குடுத்தேன்" என்று அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. இன்றும் அதை உறுதியாகச் சொல்வேன்.

ஜிம்மியின் காலில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்த டாக்டர், சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்துக்கொள்ளும், இன்னும் இரண்டு நாள் வந்து ஏற்றிக்கொண்டு போங்கள் என்றார். கூட யாரும் இருக்க வேண்டியதில்லை, இருட்டியதும் வந்து கூட்டிப்போகலாம் என்றும் சொன்னார். பெரியப்பா உடனே எழுந்தார்.

"வாம்மா. உன்னை வூட்ல வுட்டுட்டு நான் திரும்பி வந்து பாத்துக்கறேன். அவுங்க வந்துக்கினு கீறாங்க."

"என் கையால வெச்சதுண்ணே. அது கண்ணு தொறந்து பாக்காம நான் வரமாட்டேன்."

ஜிம்மி அப்போது கண்ணைத் திறந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அத்தை கண்களைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்க ஆரம்பித்தாள். அப்படியானால் என்ன பழம்தான் கொடுக்கலாம்? ஆப்பிள், விதை இல்லாமல். பப்பாளி, அதுவும் அப்படியே. மாம்பழம்? ஒரு துண்டு, கொட்டையை விழுங்கினால் குடலில் மாட்டிக்கொள்ளும். கொய்யா கொஞ்சம் தரலாம். சீத்தாப்பழத்தின் கொட்டை ஆகாது. நான் விரல்விட்டு மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். சப்போட்டா, அன்னாசி, பலாச்சுளை, நாவல்பழம். பெரியப்பா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், வாசலுக்குப் போய்விட்டு வந்தார்.

"பழக்கடை ஏதும் வெக்கப் போறீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"தெரிஞ்சுக்கணும் இல்ல டாக்டர். இன்னொரு தபா தப்பு நடக்கக் கூடாது."

நாங்கள் வீடு திரும்பியபோது கூடத்தில் காலி காபி டம்ளர்கள் மட்டும் இருந்தன. வந்தவர்கள் சகுனம் சரியில்லை என்று சொல்லிக் கிளம்பியிருந்தார்கள். அம்மா திராட்சையைப் பற்றி வாய் திறக்கவில்லை. "அந்த பைரவரே தடுத்துட்டாரு" என்று அப்பா முடித்துவைத்தார். ஒரு நாய்க்காக அத்தைக்குக் கல்யாணமே போய்விட்டதே என்று எனக்குத் துக்கமாக இருந்தது. ஒளித்து வைத்திருந்த சாக்லேட்டில் பாதியைக் கொடுத்தேன். மீதியையும் கேட்டு வாங்கித் தின்றாள்.

ஓடுகிற மென்பொருள் நின்றுபோனால், கடைசியாக நடந்தவற்றை வரிசையாக வைத்துக் காரணம் தேடுவதுதான் இப்போது என் வேலை. அன்றைய மத்தியானத்தையும் ஒருநாள் அப்படி வைத்துப் பார்த்தேன். அந்த வரன் பிடித்திருக்கிறதா என்று வீட்டில் யாரும் அத்தையைக் கேட்டதில்லை. கேள்வி கேட்டதெல்லாம் அவள்தான், அதுவும் பழங்களைப் பற்றி.

கடைசியாக அவள் கேட்டது விளாம்பழம். எங்கள் ஜிம்மி அதை முகர்ந்துகூடப் பார்க்காது. டாக்டர் யோசித்துவிட்டு, "அதை எந்த நாயும் கேக்காதும்மா" என்றார். அத்தை அவர் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "சரிண்ணே, கெளம்பலாம்" என்றாள்.

எனக்கு மணி பார்க்கத் தெரியும். முட்கள் நாலரையைத் தாண்டியிருந்ததை நானும் பார்த்தேன். அத்தைக்குத் தெரிந்த பழங்கள் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.