கேட்டா மட்டும் சொல்ற கமாண்டு

கம்ப்யூட்டர் வேலைன்னா ஏசில உக்காந்து தட்டுறதுன்னு எவன் சொன்னானோ, அவன ராயபுரத்துல நான் ப்ராஜெக்ட் பண்ண ஷிப்பிங் ஆபீஸுக்கு இட்டுகினு வாங்க, பேசிக்கலாம். உங்கள மாதிரியே கடைசி வருஷ ப்ராஜெக்டுக்குக் கம்பெனி கம்பெனியா அலைஞ்சு, தாவு தீந்து அங்க போய் விழுந்தவன் நானு.

வாயால ஓடுன சிஸ்டம்

ஆபீஸுக்கே ஒரே யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மிஷின், சுத்தி அதுல கோத்த டெர்மினலுங்க. ஒரே நேரத்துல எத்தினி பேர் உள்ள வரலாம், சும்மா கெடந்தா எப்ப வெளிய தள்ளும், எல்லா செட்டிங்கும் மிஷினுக்குள்ளயே கீது. எவனும் பாக்க மாட்டான். ஆபரேட்டர் தேசிங்கு அண்ணனத்தான் கேப்பானுங்க. சோத்துல கை வெச்சாலும் கேப்பானுங்க, கக்கூஸ் கதவத் தட்டியும் கேப்பானுங்க. அண்ணன் கான்ட்ராக்ட் ஆளு, மூஞ்சி சுளிக்க மாட்டாரு. "இன்னாண்ணே இது அநியாயம்"னு எகிறினேன்.

"வுடு நைனா, கேக்குற வரைக்கும்தான் நமக்கு சோறு."

முகத்துவாரக்குப்பத்துல

அங்கதான் அண்ணன் வூடு, அவரோட அப்பா தவறிட்டாரு. பொணத்தத் தூக்கியாச்சு, அண்ணன் கொள்ளிச்சட்டியோட முன்னால போய்கினு கீறாரு. ஆபீஸ்லேர்ந்து பில்லிங் கிளார்க் வண்டில வந்து எறங்குறான். "அண்ணே, பிரிண்டு நின்னுபோச்சு. க்யூவுல ஒரே நேரத்துல எத்தினி பில்லு போடலாம்?" நான் அவன் சட்டையப் புடிச்சுட்டேன். அண்ணன் திரும்பக்கூட இல்ல. கண்ணெல்லாம் பொக.

"நாப்பது. அதுக்கு மேல போட்டா நிக்கும். இப்ப போடா."

அண்ணன் சாப்ட்ட அன்னிக்கு

அந்தக் கடுப்புலதான் எழுதுனேன். சின்ன கமாண்டு. செட்டிங் பேர அடிச்சா, இப்ப இன்னா வெச்சிருக்குன்னு மிஷினையே கேட்டு சொல்லும். எதையும் மாத்தாது, அதனால யார் வேணா அடிக்கலாம். அண்ணன் காரியம் முடிச்சு மொட்டத் தலையோட வந்தப்ப எல்லா டெர்மினல்லயும் அது ஓடிகினு இருந்துச்சு. மதியம் ஒருத்தனும் அவர்கிட்ட வரல. மொத தடவையா டப்பா முழுசும் சாப்ட்டு, சுத்தி சுத்திப் பாத்தாரு.

"இன்னா நைனா, எல்லாரும் என்ன மறந்துட்டானுங்களா?"

எக்ஸலண்ட்

மாசக் கடைசில அண்ணன் கான்ட்ராக்ட புதுப்பிக்கல. மேனேஜர் ரூமுக்குள்ள கதவத் தட்டாம பூந்தேன். "சார், கமாண்டு இன்னா கீதுன்னுதான் சொல்லும். மாத்தணும்னா யாரு மாத்துவா?" "எதுக்குப்பா மாத்தணும்? நல்லாதானே ஓடுது." நீயெல்லாம் மனுசனாய்யான்னு கத்தினேன். அந்தாளு பொறுமையா என் ப்ராஜெக்ட் சர்டிபிகேட்ல கையெழுத்து போட்டு நீட்டுனாரு.

"கோவப்படாத தம்பி, உன்னாலதான் ஒரு ஆள் மிச்சம். எக்ஸலண்ட்னே போட்டிருக்கேன்."

டோல்கேட்டாண்ட

அப்பறம் அண்ணன டோல்கேட்டாண்ட பாத்தேன். ஷேர் ஆட்டோவுக்கு "எண்ணூரு, எண்ணூரு"ன்னு ஆள் கூப்ட்டுகினு இருந்தாரு. தொண்ட கட்டிப்போயிருந்துச்சு. என்ன ஒரு வார்த்த திட்டல, அதான் தாங்கல. "மிஷின் ஒரு நாள் படுக்கும்ணே, அன்னிக்கு உங்க கால்ல வந்து விழுவானுங்க"ன்னேன். ரெண்டு கையாலயும் என் கையப் புடிச்சுகினாரு.

"இன்னும் படுக்கலியா நைனா?"

அது படுக்கும் படுக்கும்னு நானும் பாத்துகினுதான் கீறேன். படிச்ச படிப்புக்கு ஒரு தப்புகூட இல்லாம நான் எழுதித் தொலைச்சது அந்த ஒரு கமாண்டத்தான்.