கதவுக்கு மேலே ஒரு சின்ன யன்னல்

புறநகரில் டோர்செட் பார்க் மாடிவீட்டை விட்டு, நகரின் நடுவிலுள்ள இந்தப் பழைய செங்கல் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்தே எனக்குப் பயம்தான். வாசற்கூடத்தில் இதைக் கட்டிய முதல் சொந்தக்காரரின் படம் தொங்குகிறது. நூறு வருடத்துக்கு முந்திய மீசை, சிரிக்கத் தெரியாத முகம். மனிதர் ஒவ்வொரு சமையலறைக் கதவுக்கு மேலும், பொது நடைபாதைப் பக்கம் திறக்கிற ஒரு சின்ன யன்னல் வைத்திருந்தார். அவருடைய தங்கை வேறொரு வீட்டில் எரிவாயு கசிந்து செத்துப்போனாளாம். இங்கே கசிந்தால் வெளியே நடப்பவர்களுக்காவது மணக்கட்டும் என்று வைத்தாராம். கட்டடத்தைப் பராமரிப்பவர் சொன்ன கதை.

எனக்கு அந்த யன்னல் பெரிய தலையிடி. என் மீன்குழம்பு மூன்று மாடிக்கும் உலாப் போனது. யாராவது முறைப்பாடு செய்து எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்களோ என்று பயந்து, அதற்குள் பழைய போர்வையொன்றைத் திணித்து டேப் ஒட்டிவிட்டேன். மகளுக்கு எட்டு வயது. அவளது கோட்டில் கறி மணக்கிறதென்று வகுப்பில் யாரோ சொன்னதிலிருந்து, நான் எதைச் சமைத்தாலும் மூக்கைப் பொத்துவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தைப்பொங்கலன்று காலை என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். எனக்குத் தடிமன், மூக்கு அடைத்திருந்தது. குளிருக்கு யன்னலெல்லாம் பூட்டு. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிய, சந்தோசத்தில் கூவினேன். அரிசியைப் போட்டு மூடிவிட்டு, சாமிப்படத்துக்கு முன்னால் படையலை அடுக்கினேன்.

"அம்மா, அழுகின முட்டை மாதிரி மணக்குது."

"உனக்கு எப்பவும் மணக்கும்! நல்ல நாளிலை வாயை மூடிக்கொண்டு இரு."

மூடிக்கொண்டாள். கற்பூரம் கொளுத்த நான் தீக்குச்சியை எடுத்து உரசினேன். முறிந்தது. இன்னொன்றை எடுத்துக்கொண்டே பொங்கலைப் பார்க்கத் திரும்பினேன். பானைக்குக் கீழே நெருப்பில்லை. வழிந்த பால் அணைத்துவிட்டிருந்தது. எரிவாயுக் குமிழ் முழுதாகத் திறந்தே கிடந்தது.

குமிழை மூடி, பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடினேன். நடைபாதையில், அந்த யன்னலுக்குக் கீழேயே, அயல்வீட்டுக்காரர் இருவர் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் மணக்கவில்லை.

தீயணைப்பு வண்டி வரும்வரை பனியில் நின்றோம். மகள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, மெல்லக் கேட்டாள்.

"அம்மா, இனி மணந்தால் சொல்லலாமோ?"