குரலுக்கு வால் பார்த்தவர்

எங்கள் கிணறு தரை தட்டிய வருஷம் அது. கிரிக்கெட்டில் இந்தியா உலகக் கோப்பை வாங்கியதும் அதே வருஷம்தான் என்கிறான், நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் பேரன். சிறுவாச்சூர்ப் பக்கம் அப்போது குடிக்கத் தண்ணீரையே யாரும் காணவில்லை, கோப்பையை யார் கண்டது? அந்த வருஷம் எனக்கு மைத்துனராக வாய்த்த மைக்செட் மாணிக்கம் போய்விட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை அரியலூரிலிருந்து போன் வந்தது.

கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று மைக்செட் கட்டுவதுதான் அவர் வேலை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் யாரையாவது பேசவிட்டு டேப்பில் பிடித்துக் கேட்பார். "பேச்சு நின்ன பொறவும் இழுக்குது பாரு, அதான் வாலு. வெறுங்கூடம்னா நீளம். சனமும் சாமானும் நெறைஞ்சா குட்டை" என்பார். ஒருமுறை ஒரு கட்சிக்காரர், மண்டபம் நிரம்பி வழிந்த கூட்டம் என்று கேசட்டைக் கொண்டுவந்து காட்டினார். கேட்டுவிட்டு, "நாற்காலியையே வைக்கல போலருக்கே" என்றார் இவர். அதன் பிறகு அந்தக் கட்சிக் கூட்டம் எதுவும் இவருக்கு வரவில்லை.

எனக்குப் பெண் பேசும்போது, பையன் திக்குவாய் என்று பெண் வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. "பேசிக் காட்டட்டும், பாக்கலாம்" என்று பெண் சொல்லிவிட்டாள். தரகர் டேப் ரிக்கார்டரோடு வந்தார். வீட்டில் ஆடு கத்தியது, தங்கைகள் சிரித்தார்கள். தரகர் என்னை வறண்ட கிணற்றுக்குள் இறக்கிப் பேசவைத்தார். போட்டுக் கேட்டால், சாமியாடி அருள்வாக்கு சொல்வது போல இருந்தது. நான் திக்கிய இடத்தையெல்லாம் கிணறு நிரப்பியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசியது என்று சொல்லி அந்தக் கேசட்டைப் பெண் வீட்டில் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரமே பெண்ணோடு பிறந்த மாணிக்கம் தோளில் டேப்போடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசற்படியில் நின்று ஒரு கை தட்டினார். தரகரைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் கூடத்துலயா பேசினாரு?"

"ஆமாங்க."

"எங்க, இன்னொரு தடவ பேசச் சொல்லுங்க."

நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "அவன் கூச்சப்படுறானுங்க" என்றாள் அம்மா.

"அப்ப நீங்க பேசுங்க அத்தை. யாரு பேசுனா என்ன, வாலு எடத்தோடது."

அம்மா கூடத்தில் "வாங்க, சாப்புடுங்க" என்றாள். அடுப்படியில் சொன்னாள், மாட்டுக் கொட்டகையில் சொன்னாள். மாடு ஒன்று எழுந்து நின்றது. எந்த வாலும் கேசட்டோடு ஒத்துவரவில்லை.

"கேசட்டுல கேக்கறது வூடே இல்ல. சுத்திக் கல்லு, சாமான் ஒண்ணும் கெடையாது. மாப்ள எங்க நின்னு பேசுனாரு, கோபுரத்துக்குள்ளயா?"

"கெணத்துலங்க" என்றாள் அம்மா. தரகருக்கு அந்த நேரம் பார்த்து பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினார். தானே பேசிப் பதிந்துகொண்டு, தண்ணீர் கண்டவர் மாதிரி ஏறி வந்தார். "ஒத்துப்போச்சு! அச்சு அசலா ஒத்துப்போச்சு!" கல்யாணம் பேச வந்ததே அவருக்கு மறந்துவிட்டது. அப்பா மெல்ல, "அப்ப சம்பந்தம்?" என்றார்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். வைக்கோல் போர் இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தார். "இங்க வாலே வராது. நீங்க மட்டுந்தான். பேசுங்க மாப்ள." என் பேரைச் சொல்லி முடிக்கவே வெகுநேரம் ஆனது. அவர் சிரிக்கவில்லை, டேப்பை நிறுத்தவும் இல்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம்.

வந்தார். "ரெண்டையும் பொண்ணுக்குப் போட்டுக் காட்டுனேன். கெணத்து ஆளப் பாத்தா பயமா இருக்காம். வைக்கப்போரு ஆளு போதுமாம்" என்றார்.

போன் வந்த மறுநாள், புதன்கிழமை, அரியலூருக்குப் போனோம். அவரைக் கிடத்துவதற்காகக் கூடத்துச் சாமான் முழுவதையும் வெளியே எடுத்திருந்தார்கள், சனமும் பெரும்பாலும் வாசல் பந்தலில்தான் இருந்தது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வாசற்படியில் ஒரு கை தட்டுவது அவரிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். அன்று தட்டவில்லை. "ம... மச்சான்" என்று மட்டும் கூப்பிட்டேன். குரல் நீண்டு சுவரெல்லாம் சுற்றி வந்தது. நான் திக்கியது அங்கே ஒருவருக்கும் கேட்டிருக்காது, பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்தவளைத் தவிர. பெண் பேசிய அந்த வருஷம் அந்த வீட்டில் இரண்டு கேசட்டையும் கேட்டவர்களில் இன்னும் இருப்பது அவள் ஒருத்திதான், அஞ்சலை.