மதிலுக்குள் மருந்து

வள்ளித்தாயைத் தைரியசாலி என்று மதிலடிப்பட்டியில் ஒருத்தரும் சொன்னதில்லை. பொய் சொல்வானேன், வானம் இடித்தால் பிள்ளைகளுக்கு முந்தி இவள்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு ஓடுவாள். புருஷன் பெத்தணன் சாத்தூர்ச் சந்தையிலிருந்து திரும்ப நேரமானால் வாசலுக்கும் வீதிக்கும் நடந்தே கால் தேய்ந்துவிடும். "இவ பயத்தைப் படி போட்டு அளந்தா ஊருக்கே பங்கு வைக்கலாம்" என்பாள் பக்கத்து வீட்டுப் பத்திரகாளி. வள்ளித்தாயும் சேர்ந்து சிரிப்பாள். பயம் என்னவோ போகாது.

ஊர் அச்சங்குளத்துக்கு மேற்கே, கரிசலுக்கு நடுவில். பாளையக்காரர் காலத்தில் கொள்ளைக்கு அஞ்சி, சுண்ணாம்பு இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய மதில் ஊரை வளைத்து நின்றது. மேற்கு வரிசை வீடுகளுக்கு அதுதான் பின்சுவர். வள்ளித்தாய் வீடும் அந்த வரிசைதான். ஊர்க்கூட்டம் மதில் வாசலில். அம்மன் கொடைக்குக் காப்புக் கட்டுவது அங்கே. வேதக்கார வீடுகளின் கிறிஸ்துமஸ் பஜனை கிளம்புவதும் அங்கேதான்.

ஐம்பதுகளில் மழை பொய்த்தபோது பட்டாசுக் கம்பெனி லட்சுமிகாந்தம் முதலாளி, ஊரில் வீட்டுக்கு வீடு திரி வேலை கொடுத்தார். நூலில் கருமருந்துக் குழம்பைப் பூசிக் காயவைத்தால் வெடிக்குத் திரி. லைசென்ஸா? அதெல்லாம் யார் கேட்டார்கள். மதில்தலை நல்ல அகலம், கல்லும் சீக்கிரம் சூடேறும். பெண்கள் திரியை அங்கே காயப்போட்டார்கள். மேகம் கூடினால் பனையோலைத் தட்டியால் மூடுவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மதிலுக்குள் இறங்க விடமாட்டார்கள். காய்ந்த திரியை உதறும்போது உதிர்கிற தூளை விளக்குமாற்றால் கல் இடுக்குக்குள் தள்ளிவிடுவார்கள். வருஷக்கணக்காக இப்படித்தான். அது எங்கே போகும் என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை, பாவிமக்கள்.

அறுபத்தொன்றில் முதலாளிக்குச் சரக்கு அடுக்கக் கிட்டங்கி கட்டக் கல் வேண்டியிருந்தது. மதில் வாசலுக்கு வடக்கே வீடில்லாத பக்கத்தைப் பிரித்துக்கொள்ளட்டும் என்று ஊர் தலையாட்டியது. பள்ளிக்கூடத்து ராஜசிங் வாத்தியார் மட்டும் எழுந்து, "இது நம்ம பாட்டன் பூட்டன் கட்டுனதுய்யா, ஒரு கல்லை உருவுனா மத்தது நிக்காது" என்றார். வேலை கொடுக்கிற மகராசனைப் பகைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? கல் பிரிக்கிற கூலிக்குப் பெத்தணனும் போனான்.

முதல் நாள் மேல்கற்களைக் கையாலேயே எடுத்தார்கள். மத்தியானம் கஞ்சி கொண்டுபோன வள்ளித்தாய், கல் உருவிய குழிக்குள் கறுப்பாகத் தூள் அடைந்திருப்பதைப் பார்த்தாள். கரிசல் மண் இவ்வளவு உயரத்துக்கு எப்படி ஏறும்? மனசு கேட்கவில்லை. ஒரு சிட்டிகையை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய் அடுப்பில் போட்டாள். புஸ்ஸென்று பொறி பறந்து புகை எழும்பியது.

அடுப்புக்குப் பின்னால் மதில். மதிலை ஒட்டிப் பாயில் கடைக்குட்டி உறங்குகிறது. இத்தனை வருஷமும் வெடிமேல் தலைவைத்தா பிள்ளைகள் படுத்தன? குடத்துத் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அங்கே பெருங்கல்லை நெம்பப் பெத்தணன் கடப்பாரையை ஓங்கியிருந்தான்.

"கடப்பாரையைக் கீழ வைங்க. மெல்ல வைங்க, கல்லுல பட்டுப் பொறி பறந்துறக் கூடாது" என்றாள். சத்தமே எழும்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே அவன் வைத்துவிட்டான். பிறகு விஷயத்தைச் சொன்னாள். கல் சுமந்தவர்கள் ஒவ்வொருத்தராகப் பின்வாங்கினார்கள்.

மதில் அன்றைக்குத் தப்பியது. ஆனால் ஊர் நிம்மதி போனது. மேற்கு வரிசையில் அடுப்பெல்லாம் நடுத்தெருவுக்கு வந்தது. பீடி பிடித்தவனுக்கு அடி விழுந்தது. மதில் வாசலில் கூட்டமில்லை, பேச்சில்லை, பிள்ளைகள் விளையாட்டில்லை. திரி வேலை நின்றதும் பெண்கள் வள்ளித்தாயைக் கரித்துக்கொட்டினார்கள். "தெரிஞ்சதும் தெரிஞ்ச, வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?" என்று பத்திரகாளியே கேட்டுவிட்டாள்.

முதலாளி வேறு இடத்துக் கல்லில் கிட்டங்கியைக் கட்டி முடித்தார். ஆனால் போலீஸ் மோப்பம் பிடித்தால் திரி கொடுத்தது யாரென்று வருமே. "ஊருக்கு நடுவுல எமனை நிறுத்திவச்சிருக்கீக. மேற்கு வரிசையைக் காலிபண்ணுங்க, வெளியில இருந்து வேட்டு வச்சு மொத்தமாத் தள்ளிருவோம்" என்றார். வேட்டு வைத்தால் மதிலோடு அந்த வரிசை வீடுகளும் மண்ணாகும். வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐப்பசி மழை வரைக்கும் பொறுங்க. தட்டியைப் பிரிச்சுப்போடுவோம். மருந்து தண்ணியில கரைஞ்சு போகும்" என்று தவணை வாங்கினார்.

அந்த வருஷம் மழை கொட்டியது. மதிலடியில் கறுப்புத் தண்ணீர் ஓடியது, பிறகு தெளிந்தது. கார்த்திகையில் வெயிலடித்துக் கல் காய்ந்ததும் மறுபடி கூட்டம். இந்தத் தடவை கண்மாய்க்கரையில். "மருந்து போயிருச்சுன்னு யாருக்குத் தெரியும்? கடப்பாரையால ஒரு போடு போட்டுக் காட்டுங்க, நான் விட்டுர்றேன்" என்றார் முதலாளி. ஊரில் எத்தனை ஆம்பளைகள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

பெத்தணன் மட்டும் ராத்திரி சாப்பிடும்போது, "நாளைக்கு நான் போடுதேன். நம்ம வீடுதானே" என்றான். வள்ளித்தாய் இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினாள். "அதுக்கு முந்தி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இருக்கன்குடி போய்ட்டு வாங்க. ஆத்தாவுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கேன். நான் தீட்டு, வரக்கூடாது" என்றாள். பொய்தான். விடிந்ததும் அவன் பிள்ளைகளோடு பஸ் ஏறினான்.

பஸ் போனதும் மேற்கு வரிசையைக் காலிபண்ணச் சொன்னாள். ஜனமெல்லாம் கண்மாய்க்கரைக்குப் போய் நின்றது. பெத்தணனின் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் பின்பக்கம், பெண்கள் அதிகமாகத் திரி உதறிய இடத்தில் போய் நின்றாள். ஆத்தா பேரைச் சொல்லக்கூட நாக்குப் புரளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடப்பாரையை இடுக்குக்குள் இறக்கினாள். பொறி தெறித்தது. ஒன்றும் நடக்கவில்லை. போதாதென்று மறுபடி இறக்கினாள், இடம் மாற்றி மாற்றி இறக்கினாள். வாத்தியார் ஓடிவந்து கையைப் பிடிக்கிறவரைக்கும் அவள் நிறுத்தவில்லை.

சாயங்காலம் பெத்தணன் திரும்பியபோது மதில் வாசலில் பழையபடி ஜனம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தான். அவள் அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, என்னைய ஏச்சு அனுப்பிட்டியே. வெடிச்சிருந்தா என்ன ஆயிருப்ப?"

"செத்திருப்பேன்."

"இம்புட்டுப் பயத்தை வச்சுக்கிட்டு நீ ஏன் போன? நான் போயிருப்பேன்ல?"

வள்ளித்தாய் அடுப்புக்கல்லைச் சரிபார்த்தாள்.

"நீங்க போயிருந்தா, நான் கண்மாய்க்கரையில நின்னு பாக்கணும்ல" என்றாள். "அந்தப் பயத்தை என்னால தாங்க முடியாது."